பதினேழாம் தேதிக்காரர்கள்

மூன்றே நிமிஷத்தில் வெள்ளை பூத்துவிட்டது. குணசீலனுக்கு முதலில் அது தன் மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவி என்றுதான் பட்டது. கழற்றி, பனியன் நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். பால்கனியில் விரித்த செய்தித்தாள்மேல் நின்ற நூற்றறுபது பொம்மைச் சிப்பாய்களும் வெள்ளையாகவே நின்றார்கள். ஈட்டி வெள்ளை, கேடயம் வெள்ளை, இடுப்புத் துணி வெள்ளை, முகம் இருந்த இடத்தில் இட்லி மாவை அப்பினதுபோல ஒரு மொழுக்கை. கையில் வார்னிஷ் ஸ்ப்ரே டப்பா இன்னும் இருந்தது, ஆட்டிப் பார்த்தான், உள்ளே குண்டு டகடகவென்று ஆடியது, டப்பாவில் ஒரு குற்றமும் இல்லை, குற்றமெல்லாம் டப்பாவைப் பிடித்த கையில்தான். பெரம்பூர் முழுக்க மூன்று நாளாக நசநசவென்று மழை, துவைத்த துணி காயவில்லை, உப்பு ஜாடியில் நீர் கோத்திருக்கிறது, கதவு ஊறிப்போய்ச் சாத்த மாட்டேன் என்கிறது, இப்படி ஒரு நாளில் எவனாவது மினுக்கம் அடக்கும் மேட் வார்னிஷ் அடிப்பானா? ஈரக் காற்றில் அடித்தால் பூத்துப்போகும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும், இவன் பன்னிரண்டு வருஷத்து ஆள். ஒரு தூரிகையையும் சொந்தமாக வாங்கியிராத பெண்டாட்டி கிருபாவுக்கே தெரிந்திருந்தது. காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது குடையை விரித்துக்கொண்டே, "மழை விடட்டுங்க, பொறவு அடிக்கலாம்" என்றாள். இவன் தலையில் கைவைத்துக்கொண்டு, தலைவலி, ஆராதனைக்கு வரமுடியாது, கொஞ்சம் படுக்கிறேன் என்றான். படுத்தான், அவள் செருப்புச் சத்தம் இரண்டு மாடி இறங்கும்வரை படுத்திருந்தான். இன்றைக்குத் திருவிருந்து ஞாயிறு, முடிய பன்னிரண்டரை ஆகும், அவள் வீடு வர பன்னிரண்டே முக்கால். இப்போது மணி பத்து ஐம்பது. ஐம்பத்திரண்டு வயது மனுஷன், பெண்டாட்டியிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, அவள் போட்ட முகங்களை அவள் இல்லாத நேரத்தில் அழித்து வைத்திருக்கிறான், அதுதான் விஷயம், அதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அவ்வளவுதான்.

அவள் போட்ட முகங்கள். இந்த வார்த்தையை அவன் மனசுக்குள்கூட இப்போதுதான் முழுசாகச் சொல்கிறான், அதற்கே காது சுடுகிறது. படை அவனுடையது, அதில் சந்தேகமில்லை. பாண்டியர் காலத்துக் காலாட்படை, ஈயக் கலவையில் வார்த்த சிப்பாய்கள், ஒவ்வொருவனும் கட்டைவிரல் அரை உயரம், வெளிநாட்டிலிருந்து தபாலில் கைவேறு கால்வேறாக வருவார்கள், இவன் பிசிறு சுரண்டி ஒட்டி, தரைவண்ணம் பூசி, துணிக்குச் செம்மண் நிறம், தோலுக்கு நாலு விதமான மாநிறம், கேடயத்துக்குக் கயல் என்று ஒவ்வொன்றாகத் தீட்டுவான். பிறகு நாலைந்து பெரிய மனுஷர்கள் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்று, டேப் வைத்து அளந்து, தாயக்கட்டையை உருட்டி, இவன் படையும் இன்னொருத்தன் படையும் மோதுகிறதாக வைத்துக்கொள்வார்கள். சொல்லிப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும், அலுவலகத்தில் ஒருத்தரிடமும் அவன் சொன்னதில்லை. ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் முப்பது வருஷம், நூலிழை பிசகாமல் கோடு போட்ட கை. நாற்பத்தொன்பதில் அந்தக் கை ஆட ஆரம்பித்தது. முதலில் டீ சாஸரில் சிந்தியது, கண்டுகொள்ளவில்லை. அலுவலகத்தில் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை, எலியைப் பிடித்து நகர்த்துவதற்கு நடுக்கம் ஒரு பொருட்டில்லை. தெரிந்தது சிப்பாய்களுக்குத்தான். கேடயம் தீட்டலாம், துணி தீட்டலாம், கண் வைக்க முடியாது. கடுகில் பாதி இருக்கும் ஒரு கண்ணில் வெள்ளை வைத்து, அந்த வெள்ளைக்குள் கருமணி வைக்க வேண்டும், இவன் வைத்த கருமணி ஒருத்தனுக்குக் கன்னத்தில் விழுந்தது, இன்னொருத்தனுக்குக் காதுக்குப் போனது. மூன்றாவது ஆளைத் தூக்கிச் சுவரில் எறிந்தபோது கிருபா வந்து பொறுக்கினாள். புரசைவாக்கத்தில் ஒரு பல் செய்கிற லேபில் அவளுக்கு வேலை, பொய்ப்பல்லுக்கு நிறம் ஏற்றுவாள், ஒவ்வொருத்தர் வாய்க்கும் ஒவ்வொரு மஞ்சள், ஊசிமுனைத் தூரிகையில் நாள் முழுக்க அதுதான் வேலை. சிப்பாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படி முழிச்சா பேய் அடிச்ச மாதிரில்லா இருக்கான். மேல் இமை ஒரு கோடு இறங்கணும்" என்றாள். இறக்கினாள். ஈயத்துண்டு அவனைப் பார்த்தது. அன்றைக்கு அவனுக்கு வந்தது சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று கேட்டால், உண்மையைச் சொல்லப்போனால், இரண்டும்தான். சும்மா நாலு பேருக்குப் போடு என்றான், நாலு நாற்பதாகி, இரண்டு வருஷத்தில் நூற்றறுபதும் அவள் கண்ணால்தான் பார்த்தார்கள். அவன் செய்ததெல்லாம் ஒவ்வொருத்தன் முடிந்ததும் கவிழ்த்து, அடித்தட்டில் தன் பெயரின் இரண்டெழுத்தையும் முடித்த தேதியையும் மெல்லிய பேனாவால் எழுதியது. படம் வரைகிறவன் பழக்கம், கையெழுத்தும் தேதியும் இல்லாமல் ஒரு தாளும் அவன் மேசையைவிட்டுப் போகாது.

அந்தப் பெங்களூர்க் கூடத்தை நினைக்க வேண்டாம் என்று நினைத்தான், நினைக்க வேண்டாம் என்றால் வேறு எது நினைவுக்கு வரும். போன வருஷம் டிசம்பர், இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், ஏழு ஊரிலிருந்து ஆட்கள். வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள், இந்தப் படையை முழுவதும் என் கையால் தீட்டினேன் என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. அது அந்த உலகத்து நியாயம், தீட்டாத படையைக் கொண்டுவந்தாலும் மன்னிப்பார்கள், அடுத்தவன் தீட்டியதைத் தன்னுடையது என்பவனை மன்னிக்க மாட்டார்கள். கிருபா பக்கத்தில்தான் நின்றாள், தயிர்சாத டப்பா இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லால்பாக் பார்க்கலாம் என்று கூட வந்தவள். பேனா கொண்டா என்று அவளிடம்தான் கேட்டான். அவளும் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்து ஆடியது, அது எப்போதும் ஆடுவதுதான் என்பதால் அவனுக்கே வித்தியாசம் தெரியவில்லை. பிறகு நடுவர் வந்தார், ஓய்வுபெற்ற கர்னல், பொன்னப்பா என்று பெயர், குடகுக்காரர், பூதக்கண்ணாடியை வரிசை வரிசையாக ஓட்டிக்கொண்டே வந்தவர் கடைசி வரிசையில் நின்றுவிட்டார். மூச்சு விடுகிற நேரம் பார்த்தார். "மிஸ்டர் குணசீலன், இவன் அழுகிறானே, ஏன்?" என்றார். அழுகிறானா. குணசீலன் குனிந்தான், கண்ணாடி சட்டைப் பையில், ஒன்றும் தெரியவில்லை, ஒரு பழுப்புப் புள்ளிக்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை. எவன் அழுகிறான் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அப்போதாவது தெரியாது என்று சொல்லியிருக்கலாம், மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ, ஒரு மனுஷன் வாயில் வராதா? வந்தது வேறு. "முன் வரிசையில் இவன் அண்ணன் விழுந்துவிட்டான் சார், இவன் இடத்தைவிட்டு நகரக் கூடாது" என்றான். அண்ணனாம். எங்கிருந்து வந்தான் அந்த அண்ணன். கூடியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள், ஒருத்தர் குனிந்து படம் எடுத்தார், சங்கத்து மாத இதழில் அண்ணன் தம்பி கதையோடு அரைப்பக்கம் வந்தது, சிறந்த படை என்று ஒரு சான்றிதழ், கண்ணாடி போட்டு மாட்ட அவனுக்குத் தைரியம் வராததால் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது, அதுவும் அவள் புடவைகளுக்கு அடியில். திரும்பி வரும் ரயில் அரக்கோணம் தாண்டியது. கிருபா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அந்த அண்ணன் தம்பி கதை நல்லா இருந்துச்சு" என்றாள். குத்தலா என்று முகத்தைப் பார்த்தான், இல்லை. குத்தலாக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருக்கலாம். அதற்கப்புறம் அவள் தூரிகையைத் தொடவில்லை, கேட்டால் கண் எரிகிறது என்பாள், லேபில் எரியாத கண்.

அவளிடம் அவன் கேட்கவும் இல்லை. எவன் அழுகிறான், ஏன் அழுகிறான் என்று ஒரு வருஷமாகக் கேட்கவில்லை, பூதக்கண்ணாடி மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது, எடுத்துக் கடைசி வரிசையில் வைத்துப் பார்த்தால் முடிந்தது, பார்க்கவில்லை. ஏனென்றால் கடைசி வரிசை எப்போது தீட்டினது என்று அவனுக்குத் தெரியும். அந்த வரிசையைத் தீட்டின நாள், அந்த பஸ். இல்லை, பஸ்ஸைப் பற்றி இப்போது வேண்டாம். மணி பதினொன்று ஐந்து. இப்போது செய்ய வேண்டியது என்ன, அதைப் பார்ப்போம். இதற்கொரு வைத்தியம் உண்டு, பூனாக்காரர் ஒருத்தர் சங்கத்து வாட்ஸாப்பில் எழுதியிருந்தார், வெள்ளை பூத்த வார்னிஷ்மேல் ஆலிவ் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தால் மூட்டம் தெளிந்துவிடும், அடியிலிருக்கும் நிறம் சேதாரமில்லாமல் வந்துவிடும் என்று. மழையோடு ஓடிப்போய் வாங்கலாம், பக்கத்துக் கடையில் ஆலிவ் எண்ணெய் என்று கேட்டால் நல்லெண்ணெயைத் தருவான். அப்போதுதான் நினைவுக்கு வந்தது, வீட்டிலேயே இருக்கிறது. நினைவுக்கு வந்த கணமே, வந்திருக்க வேண்டாம் என்றும் இருந்தது. முன்னறையில், வேதாகமத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி, அதில் ஜெப எண்ணெய். ஏதோ நற்செய்திக் கூட்டத்தில் போதகர் ஜெபித்துக் கொடுத்தது, சுத்தமான ஆலிவ், கிருபாவின் அம்மா செல்லத்தாய் வைத்திருந்தது. யாருக்காவது காய்ச்சல் என்றால் மோதிர விரலில் ஒரு சொட்டுத் தொட்டு நெற்றியில் வைத்து, கண்ணை மூடி முணுமுணுப்பார்கள். குணசீலனுக்கும் வைத்திருக்கிறார்கள், மஞ்சள்காமாலையில் கிடந்தபோது, தூத்துக்குடியிலிருந்து இதற்கென்றே வந்து. அத்தை இறந்தபிறகு கிருபா அந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது இரண்டே சாமான், ஒரு கண்ணாடிக்கூடு, இந்தப் புட்டி. இங்கே வந்தபிறகு அதை யாரும் திறந்ததில்லை. குணசீலன் அலமாரி முன்னால் நின்றான். எடுத்தான். மூடி இறுகியிருந்தது, பல்லால் கடித்துத் திறந்தான், திருடுகிறவன்கூட இப்படிக் கடித்துத் திறக்க மாட்டான் என்று தோன்றியது. காறலும் லேசான பூ வாசனையுமாக ஒரு நெடி வந்தது, அத்தை விரல் நெற்றியில் பட்டபோது வந்த அதே நெடி.

யானைமேல் இருந்த ராஜாவிடமிருந்து ஆரம்பித்தான். பஞ்சை ஈர்க்குச்சியில் சுற்றி, எண்ணெய் தொட்டு, நெற்றியில் வைத்துக் கீழே இழுத்தான், கை ஆடினாலும் துடைப்பதற்கு ஆடும் கை போதும். பூனாக்காரர் வாழ்க, மூட்டம் விலகிப் புருவம் வந்தது, மூக்கு வந்தது, இரண்டு கண் திறந்துகொண்டன. பூதக்கண்ணாடியை இன்றைக்கு இழுப்பறையிலிருந்து எடுத்தே ஆகவேண்டியிருந்தது. எடுத்துப் பார்த்தான். ராஜாவுக்குத் தூக்கம் வருகிறது. நிஜமாகவே, போர்க்களத்தில் யானைமேல் உட்கார்ந்துகொண்டு, மதியச் சாப்பாடு முடித்த தலைமை எழுத்தர் மாதிரி ஒரு சொக்கல். அடுத்தவனைத் துடைத்தான், அவனுக்குக் கோபம், அதற்கடுத்தவன் பக்கத்திலிருப்பவனைக் கடைக்கண்ணால் பார்க்கிறான், ஒருத்தனுக்குப் பல்வலி, பல் லேபுக்காரிக்கு அது தெரியாமல் இருக்குமா, கன்னம் ஒரு பக்கம் வீங்கி, கண் சுருங்கி. ஒருத்தன் யாரைப் போலவோ இருந்தான், நாலு பேர் தள்ளிப்போனபிறகு தெரிந்தது, தன்னைப் போல இருந்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ ஒட்டுகிற முகம். இரண்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே மேசையில், இவன் எதிரில் உட்கார்ந்து அவள் இத்தனை பேரைச் செய்திருக்கிறாள், இவன் கவிழ்த்துப் பெயர் எழுதியிருக்கிறான், ஒருத்தன் முகத்தையும் நிமிர்த்திப் பார்த்ததில்லை. கண் நேராக இருக்கிறதா, இருக்கிறது, அடுத்தது. அவ்வளவுதான் அவன் பார்த்த லட்சணம். அடுத்தவன் பொருளைத் திருடுகிறவனாவது என்ன திருடினோம் என்று தெரிந்து திருடுகிறான். வெட்கம் என்றால் முகம் சிவக்கும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறான், இவனுக்கு முதுகில் வேர்த்தது, மழைக்காற்றில் உட்கார்ந்துகொண்டு.

பன்னிரண்டு மணிக்கு நாற்பது பேர் தெளிந்திருந்தார்கள், புட்டியில் பாதி போய்விட்டது. கடைசி வரிசையை அவன் கை தவிர்த்துக்கொண்டே வந்தது, கைக்கும் தெரியும்போல. போன வருஷம் செப்டம்பர் பதினேழு. காலை ஏழு மணிக்கு ஸ்டான்லி, கிருபாவின் தம்பி, போன் செய்தான், அம்மாவுக்கு மூச்சு இழுக்குது, ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம், டாக்டர் ரெண்டு நாள் போகட்டும்னு சொல்லுதார். ரெண்டு நாள் என்றுதான் சொன்னான், அது பொய்யில்லை, அந்த ரெண்டு நாளைப் பிடித்துக்கொண்டுதான் குணசீலன் ஒரு வருஷமாகத் தொங்குகிறான். கிருபா கைப்பையில் துணி எடுத்து வைத்தாள். "ஏதும் பஸ் இருக்கான்னு பாருங்களேன்" என்றாள். பார்த்தான். போனில் பார்த்தான், ஒன்பது மணிக்கு ஒரு பஸ், இரண்டு இருக்கை காலி, பச்சை நிறத்தில் இரண்டு கட்டம், இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. இருபதாம் தேதிக்குள் படையின் படங்களைப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும், நூற்றைம்பத்து நாலு பேர் முடிந்து ஆறு பேர் முகமில்லாமல் மேசையில் நிற்கிறார்கள், ஊருக்குப் போனால் திரும்ப எத்தனை நாளோ. இதையெல்லாம் அவன் யோசித்தானா, இல்லை, யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் மனுஷன் அப்படிச் செய்ய மாட்டான், அது யோசிக்காமலே கைக்கு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தான். "பகல்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி வண்டிதான், ஏழே முக்காலுக்கு. படுத்துட்டே போயிடலாம்" என்றான். பத்து மணிக்கு அவள் கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தபோது, "சும்மா இருந்தா மனசு கண்டதையும் நினைக்கும், ஏதாவது கைவேலை பார்க்கலாமே" என்று சொன்னவனும் அவன்தான், எவ்வளவு கரிசனம் பாருங்கள். அவள் வந்து உட்கார்ந்தாள். ஆறு பேரையும் சாயந்திரம் நாலு மணிக்குள் முடித்தாள். இவன் கவிழ்த்துப் பெயர் எழுதினான். விடிகாலையில் வண்டி கோவில்பட்டி தாண்டும்போது ஸ்டான்லியிடமிருந்து போன் வந்தது, கிருபா எடுத்து, ம் என்றாள், ம் என்றாள், வைத்துவிட்டாள்.

கடைசி வரிசையை இழுத்து முன்னால் வைத்தான். ஒவ்வொருத்தனாகக் கவிழ்த்துப் பார்த்தான், ஆகஸ்ட், ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று, செப்டம்பர் பதினொன்று, பிறகு பதினேழு, பதினேழு, ஆறு பதினேழு, எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் பெயரின் இரண்டெழுத்து, நடுங்கிய கோட்டில். ஆறு பேரையும் துடைத்தான். மெதுவாகத் துடைத்தான், நெற்றியில் வைத்துக் கீழே இழுத்து, அத்தை வைப்பதுபோலவே வைக்கிறோம் என்று பாதியில் உறைத்தது, நிறுத்தவும் முடியவில்லை. கண்ணாடியை வைத்துப் பார்த்தான். எண்ணெய் பட்ட முகம் எல்லாமே ஈரமாகத்தான் மினுங்குகிறது. முதலாமவன் அழுகிறான்போல இருந்தது, இரண்டாமவனும் அப்படியே, மூன்றாமவன் கன்னத்தில் வழிவது கண்ணீரா எண்ணெயா, ராஜாவை எடுத்துப் பார்த்தால் அவனும் அழுகிறான். கர்னலுக்கு ஒரு நொடியில் தெரிந்தது அவனுக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவள் வருமுன் அந்த ஒருத்தனையாவது கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தால், இதோ இவன்தானே என்று சொல்ல முடிந்தால், ஏதோ கொஞ்சமாவது மனுஷனாக நிற்கலாம் என்று இருந்தது. அதற்குள் கீழே கேட் இழுபட்டது. குடை உதறும் சத்தம். செருப்பு இரண்டு மாடி ஏறியது, காலையில் இறங்கினபோது எண்ணியதைவிடச் சீக்கிரமாக ஏறியது.

வார்னிஷ் நெடி வாசலிலேயே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பையை வைத்துவிட்டு நேரே பால்கனிக்கு வந்து நின்றாள். வெள்ளை வெளேரென்று நின்ற கூட்டத்தையும், மினுங்கிக்கொண்டிருந்த நாற்பது சொச்சம் பேரையும், தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த புருஷனையும் பார்த்தாள்.

"தலைவலி விட்டுச்சா?"

"தலைவலி இல்ல."

"எத்தன பேரு?"

"எல்லாரும்."

சேலைத் தலைப்பு ஈரமாக இருந்தது, அதைப் பிழிந்தாள். பிறகுதான் புட்டியைப் பார்த்தாள். குணசீலன் அதை மறைக்கக் கை எடுத்து, அது அபத்தமாக இருக்கவே கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டான்.

"அம்மா புட்டியா?"

"ஆமா. வேற ஆலிவ் எண்ணெய் இல்ல. கேட்டுட்டு எடுத்திருக்கணும்."

"பாத்து ஊத்துங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் எதிரில் உட்கார்ந்தாள். திட்டியிருக்கலாம். தனியே எடுத்து வைத்திருந்த ஆறு பேர்மேல் அவள் கண் விழுந்தது, விழுந்து நின்றது. இப்போது கேட்காவிட்டால் இனி சாகிறவரை கேட்க முடியாது என்று குணசீலனுக்குத் தெரிந்துவிட்டது.

"கர்னல் கேட்டார்ல, அழுகிறவன். இதுல எவன் கிருபா?"

அவள் கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. "ஆறு பேரும்தான். அவரு கண்ணுல ஒருத்தன்தான் பட்டான்."

மழை கொஞ்சம் வலுத்து, செய்தித்தாளின் ஓரம் நனைந்தது. அவள் பஞ்சை எடுத்து வெள்ளையாக நின்ற ஒருத்தனைத் துடைக்க ஆரம்பித்தாள். இப்படியே விட்டுவிடலாம், அவள் துடைப்பாள், இவன் துடைப்பான், சாயந்திரத்துக்குள் முடித்துவிடலாம், இரண்டு வாரத்தில் மறுபடி பெங்களூர்க் கூட்டம், படிவத்தில் இந்தத் தடவை அவள் பெயரை எழுதிக் கொடுத்துப் பெரிய மனுஷனாகிவிடலாம். அந்த எண்ணம் வந்த வேகம் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"அன்னைக்குப் பகல்ல பஸ் இருந்துச்சு. ஒம்பது மணிக்கு. ரெண்டு சீட்டு காலி. நான் பாத்தேன். இல்லன்னு சொன்னேன்."

பஞ்சு நின்றது. அவள் நிமிரவில்லை.

"எத்தன மணிக்குப் போய்ச் சேரும் அது?"

"ராத்திரி எட்டரை."

அவள் உதடு எதையோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது. "அன்னைக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு அம்மா முழிச்சாங்களாம். தண்ணி கேட்டாங்களாம். கிருபா வந்துட்டாளான்னு கேட்டாங்களாம். ஸ்டான்லி சொன்னான்." பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "வண்டி இல்லன்னு நீங்க சொன்னத நான் அவன்ட்ட சொன்னேன்" என்றாள்.

மன்னிச்சிரு என்பது பஸ்ஸில் காலை மிதித்தவன் சொல்கிற வார்த்தை. குணசீலன் பேனாக்கத்தியை எடுத்தான், பிசிறு சுரண்டுகிற கத்தி. ஆறு பேரில் முதலாமவனைக் கவிழ்த்து, அடித்தட்டில் கத்திமுனையை வைத்தான்.

"என்ன செய்யுதீங்க?"

"எழுதினத அழிச்சிர்றேன்."

"உங்க பேர அழிங்க. தேதிய விட்டுருங்க." அவள் குரலில் இப்போதுதான் ஈரம் தெரிந்தது. "அன்னைக்கு எங்கம்மா உயிரோட இருந்தாங்க."

ஒவ்வொன்றாகச் சுரண்டினான். இரண்டெழுத்துக்கும் தேதிக்கும் நடுவே அரிசி மணி அகலம்கூட இடம் இல்லை, கத்தி இரண்டு தடவை வழுக்கி இடது கட்டைவிரலைக் கீறியது, தேதியில் படாமல் விரலில் பட்டதே என்று இருந்தது. கிருபா பார்த்துக்கொண்டிருந்தாள், உதவவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. ஆறாவது முடிந்ததும் கையை நீட்டினாள். அவன் ஆறு பேரையும் அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் புட்டியின் மூடியைத் தேடி எடுத்துத் திருகி மூடி, ஆறு பேரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வேதாகமம் இருக்கும் அலமாரியின் கதவு திறந்து சாத்திய சத்தம் கேட்டது, பிறகு சமையல்கட்டில் அரிசி களையும் சத்தம். செய்தித்தாள்மேல் இன்னும் நூற்றுச் சொச்சம் பேர் வெள்ளையாக நின்றார்கள். அவர்களுக்கு எண்ணெய் வேண்டும் என்று குணசீலன் கேட்கவில்லை.